செத்த குட்டி சாட்சி சொல்லாது!

பி.எஸ்ஸி. முதல் வருஷ பிராக்டிகல் பரீட்சை. சீட்டு எடுத்ததில் எனக்கு வந்தது கிராம் ஸ்டெயினிங். ஆஹா, ஜாக்பாட்! உள்ளுக்குள் ஒரு குத்தாட்டமே போட்டேன். ஸ்லைடில் சாம்பிளைத் தடவு, ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், சிவப்புச் சாயம், கழுவு, காய வை, பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். நடுவில் ஒரே ஒரு அயிட்டம் விட்டுப் போச்சு. தடவின சாம்பிளைத் தீயில் லேசாகக் காட்டி ஸ்லைடோடு ஒட்ட வைக்கணும். அதைச் செய்யாமல், குழாயை முழுசாகத் திறந்து கழுவினேன் பாருங்க... மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் விளக்கி வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி பளிச். நானும் கூசாமல், 'பாக்டீரியா எதுவும் இல்லை' என்று எழுதி வைத்தேன்.

மேடம் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்தார்கள். "ஏம்ப்பா, இல்லையா? இல்ல, கழுவி விட்டுட்டியா?"

மொத்த லேபும் சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். ஆனால், அந்தக் கேள்வி லேசுப்பட்டதில்லை. கால்நடை மருத்துவம் படிக்கும் ஒரு வாசகி, 'லேபிலிருந்து நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?' என்று கேட்டு எழுதியிருந்தார். எனக்கு உடனே மேடம் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே, அமெரிக்காவில் பன்றிக்குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்த 2013-ஆம் வருஷமும். பன்றி என்றதும் மூக்கைப் பொத்தாதீங்க பாஸ், விஷயம் இருக்கு.

அயோவா என்று ஒரு மாநிலம். அங்கே மனுஷங்க சுமார் 30 லட்சம் பேர். பன்றிகள் சுமார் 2 கோடி. கணக்கு புரியுதா? தலைக்கு ஆறு! அங்கே ஏம்ஸ் என்கிற ஊரில் இருக்கிறது அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயறியும் லேப். 2013 ஏப்ரல் 29-லிருந்து பத்தே நாளில் அங்கே நாலு பண்ணைகளிலிருந்து சாம்பிள்கள் வந்து இறங்கின. நாலு இடத்திலும் ஒரே கதை. திடீரென்று வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு. குட்டி, பெரிசு என்ற வித்தியாசமே இல்லை. பெரிய பன்றிகள் சமாளித்துக்கொண்டன. பால் குடிக்கும் குட்டிகள்தான் பாவம். நூற்றுக்கு 90, 95 என்று செத்தன.

ஏன் குட்டிகளுக்கு மட்டும் இப்படி? குடலின் உள்பக்கத்தை ஒரு டர்க்கி டவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவலில் குட்டிக் குட்டியாக நூல் நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அந்த மாதிரி குடலில் இருப்பவைதான் குடலுறிஞ்சிகள். ப்ளஸ் டூவில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். குடித்த பாலை உறிஞ்சுவது அவைதான். இந்த ரக வைரஸ்கள் குறிவைப்பது அந்த நூலின் மேல் போர்த்தியிருக்கும் செல்களை. செல் செத்து உதிர, நூல் குட்டையாகி, டவல் மொட்டையாகிவிடும். உள்ளே போன பால் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியே ஓடும். போகும்போது உடம்புத் தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும்.

நூலின் அடியில் இருக்கும் குழிகளில் புதுச் செல்கள் பிறந்து, எஸ்கலேட்டரில் ஏறுவது மாதிரி மேலே வந்து ஓட்டையை அடைக்கும். மூணு வாரக் குட்டிக்கு இந்த ரிப்பேர் வேலை ரெண்டு மூணு நாளில் முடியும். பிறந்த குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதுவரை உடம்பில் தண்ணி தாங்காது. அவ்ளோதான் விஷயம்.

சரி, லேபில் என்ன பண்ணுவார்கள்? முதல் வேலை, குடலில் ஒரு துண்டை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் சீவுவது. சீவலின் தடிமன் நாலைந்து மைக்ரான். தலைமுடியைப் பக்கவாட்டில் பத்துப் பதினைஞ்சாகப் பிளந்தால் எவ்வளவோ அவ்வளவு. அதை ஸ்லைடில் ஏற்றி, 'ஹெச் அண்ட் ஈ' என்று செல்லமாகச் சொல்லும் ரெண்டு சாயத்தைக் காட்டுவார்கள். ஹெமடாக்ஸிலின் என்பது மெக்ஸிகோ பக்கம் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. செல்லின் நியூக்ளியஸை ஊதா கலந்த நீலமாக்கும். இன்னொன்று இயோசின். மிச்சத்தை ரோஸாக்கும். கிரேக்கர்களின் விடியல் தேவதை ஈயோஸ் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். சாயத்துக்குப் பேர் வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கு!

இந்த ஸ்லைடில் டவல் கதை அப்பட்டமாகத் தெரியும். ஆரோக்கியமான குட்டியின் குடலில் நூலின் உயரம், குழியின் ஆழத்தைப் போல ஏழு மடங்கு வரை இருக்கும். நோய் முற்றினால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். அயோவாவில் வந்த குடல்களும் இப்படித்தான் இருந்தன. வைரஸ் வேலைதான் என்று பார்த்தவுடனே சந்தேகம் வரும்.

எந்த வைரஸ்? அங்கேதான் ஹெச் அண்ட் ஈ கையை விரித்துவிடும். வீடு இடிஞ்சிருக்கு என்று சொல்லும். இடிச்சது யாருன்னு சொல்லாது. சந்தேக லிஸ்ட்டில் முதல் ஆள் டி.ஜி.இ. 1946-ல் இண்டியானாவில் டாயில், ஹட்சிங்ஸ் என்ற இருவர் முதன்முதலாக விவரித்த நோய். அடுத்தது ரோட்டா வைரஸ், ஏ, பி, சி என்று மூணு வகையில். மொட்டை டவல் படத்தை வைத்து இவர்களைப் பிரித்துச் சொல்லவே முடியாது. அதற்கு வேறு மாதிரி சாயம் வேண்டும். கண்டதிலெல்லாம் ஒட்டாமல், தேடுகிற ஆளின் மேல் மட்டும் போய் ஒட்டுகிற சாயம்.

அந்த மாதிரி ஒரு சாயத்தைக் கனவு கண்டவர் ஆல்பர்ட் கூன்ஸ். ஹார்வர்டில் படித்த டாக்டர். 1939 கோடையில், இருபத்தேழு வயசில், பெர்லினுக்கு ஊர் சுற்றப் போயிருந்தார். உலகப் போர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்! அங்கே அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது ருமாட்டிக் காய்ச்சல். அதில் இதயத் திசுவில் தோன்றும் முடிச்சுகளுக்குள் பாக்டீரியாவின் மிச்சம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வழி இருக்கா என்பது கேள்வி. உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிக்கு எதிரியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளத் தெரியும். ஆனால், நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதன் முதுகில் ஒரு விளக்கைக் கட்டி அனுப்பினால்?

ஐடியா சூப்பர். விளக்குதான் படுத்தியது. சாதாரணச் சாயத்தை ஆன்டிபாடியில் கட்டினால் நிறம் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கல். எனவே ஒளிரும் பொருள் தேவைப்பட்டது. 1941-ல் கூன்ஸும் ஹார்வர்டு வேதியியல்காரர்களும் சேர்ந்து கட்டிய முதல் விளக்கு நீலமாக ஒளிர்ந்தது. கொண்டாடலாம் என்று பார்த்தால், புற ஊதாக் கதிர் பட்டதும் திசுவே சொந்தமாக நீலமாக மினுக்குகிறது! நீலச் சட்டைக் கூட்டத்தில் நீலச் சட்டைக்காரனைத் தேடின கதை. அப்புறம் ஃப்ளூரசீனுக்கு மாறினார்கள். அது பச்சை. அதை ஆன்டிபாடியோடு இணைக்கும் வேதிப்பொருளைத் தயாரிக்க, முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற பாஸ்ஜீன் வாயுவைக் கையாள வேண்டியிருந்தது. நம்ம பிராக்டிகலில் அசிட்டோன் வாசத்துக்கே ஜன்னலைத் திறக்கிறோம். 1958-ல் சுலபமான மாற்று வந்தபிறகுதான் இந்த முறை எல்லா லேபுக்கும் பரவியது. கூன்ஸுக்கு 1959-ல் லாஸ்கர் விருது.

பன்றிக் கதைக்கு வருவோம். எஃப்.ஏ. டெஸ்ட் என்று இன்றும் லேபில் சொல்வது இந்தப் பச்சை விளக்கைத்தான். குடலை மெழுகில் புதைக்காமல், உறையவைத்து, கிரையோஸ்டாட்டில் சீவி, டி.ஜி.இ.க்கு எதிரான ஆன்டிபாடியை ஊற்றி, கழுவி, இருட்டறையில் பார்க்கணும். வைரஸ் குடியிருக்கும் செல்கள், கும்மிருட்டில் மின்மினி உட்கார்ந்த மரம் மாதிரி பச்சையாக ஜொலிக்கும். சில மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். பார்த்துக்கொண்டே இருந்தால் வெளிச்சத்தில் அந்த ஒளி மங்கிப் போகும் என்பது மட்டும் சோகம்.

பென்சார்ட் என்ற பெல்ஜியம் நாட்டு ஆய்வாளரும் இண்டியானாவில் இருந்த அவருடைய சகாக்களும் இந்தப் பச்சை விளக்கை வைத்து ஒரு வேலை செய்தார்கள். குட்டிகளுக்கு டி.ஜி.இ. வைரஸைக் கொடுத்து, நேரம் போகப் போகக் குடலில் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்த்தார்கள். 1970-ல் வெளியான அந்த ஆய்வைப் பற்றி எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஏன்னா, எங்க மேடம் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கு.

முதல் நாளில் டவலின் நூல் முழுக்கப் பச்சை. அப்புறம் அந்த செல்கள் உதிர ஆரம்பிக்கும். பச்சையும் அதுகளோடேயே போய்விடும். குழியிலிருந்து ஏறி வரும் புதுச் செல்களை வைரஸ் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆக, குட்டி ரொம்ப மோசமாகக் கிடக்கும் நேரத்தில் ஸ்லைடைப் பார்த்தால் இருட்டு மட்டும்தான் இருக்கும். நோய் உச்சத்தில், சாட்சி பூஜ்யம்! வைரஸ் இல்லாமல் இல்லை. கழுவிட்டுப் போயிருக்கு. குழாயைத் திறந்துவிட்டது நான் இல்லை, வயிற்றுப்போக்கு.

இதனால்தான் லேப்காரர்கள் பண்ணைக்காரர்களிடம் ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்வார்கள். செத்த குட்டியை அனுப்பாதீங்க. எலும்பும் தோலுமாகக் கிடப்பதையும் அனுப்பாதீங்க. வயிற்றுப்போக்கு தொடங்கி 24 மணி நேரத்துக்குள் இருக்கும், மருந்து எதுவும் கொடுக்காத, இன்னும் கண் முழித்துப் பார்க்கும் குட்டியாகக் கொடுங்க. கேட்கும்போது கொடூரமாகத்தான் இருக்கும். பிழைக்க வாய்ப்பிருக்கோ என்று தோன்றுகிற குட்டியைத்தான் கருணைக் கொலை செய்து வயிற்றைத் திறக்கணும். ஏற்கெனவே செத்துக் கிடக்கும் முப்பது குட்டிகளால் இந்த வேலைக்குப் பிரயோசனம் இல்லை. குடலின் உள்சுவர், உயிர் போன சில நிமிடங்களிலேயே தானாக அழுக ஆரம்பித்துவிடும். நூல் உதிரும். அது வைரஸ் உதிர்த்த நூலா, சாவு உதிர்த்த நூலா என்று எந்தச் சாயத்தாலும் சொல்ல முடியாது.

எந்த வெட் டாக்டருக்கும் இது தர்மசங்கடம்தான். பண்ணைக்காரர் மூட்டையில் கட்டிச் செத்த குட்டிகளைக் கொண்டு வந்து, "இத்தனை இருக்கே சார், இதுல பாருங்க" என்பார். உயிரோடு இருக்கும் ரெண்டு மூணைக் கேட்டால் முகம் மாறும். அவர் கோபம் நியாயம். ஆனால், அந்த ரெண்டு மூணைக் கொடுக்கவில்லை என்றால் வரப்போகும் ரிப்போர்ட், என் பிராக்டிகல் நோட்டில் எழுதினதுக்குச் சமம்.

எடுத்த பிறகும் பக்குவம் இருக்கு. ஃபார்மலின் குடலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். துண்டின் ரெண்டு முனையும் திறந்திருக்கணும். திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கணும். ஊறுகாய் மாதிரி அடைத்தால் வெளியே பதப்பட்டு உள்ளே அழுகிவிடும். எஃப்.ஏ.வுக்கான துண்டு தனி டப்பாவில், ஐஸில், ஃபார்மலின் வாடையே படாமல்.

பச்சை விளக்குக்கு ஒரு தம்பி உண்டு. ஆன்டிபாடியின் முதுகில் விளக்குக்குப் பதிலாக ஒரு என்ஸைமைக் கட்டுவது. நக்கானே, பியர்ஸ் இருவரும் 1966-ல் செய்தது. பெராக்ஸிடேஸ் என்கிற அந்த என்ஸைம், ஊற்றுகிற மருந்தைக் காப்பிப்பொடி நிறமாக மாற்றி அந்த இடத்திலேயே படிய வைக்கும். அந்த மருந்துக்கு லேபில் பேர் டி.ஏ.பி. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் உர மூட்டை என்று நினைத்துவிடாதீங்க, அது வேற! மெழுகில் புதைத்த திசுவிலேயே இதைச் செய்யலாம், இருட்டறை வேண்டாம், சாதா மைக்ரோஸ்கோப் போதும், ஸ்லைடு வருஷக்கணக்கில் நிற்கும். நீல நியூக்ளியஸ்களுக்கு நடுவே பழுப்பாகத் தெரிகிற செல்லில்தான் வைரஸ். டவலின் எந்த நூலில், எந்தச் செல்லில் என்றே விரலை வைத்துக் காட்டலாம்.

இதிலும் ஏமாற இடம் இருக்கு. சிவப்பணுக்களே பெராக்ஸிடேஸ் வேலையைக் கொஞ்சம் செய்யும். அதை முதலிலேயே ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றி அடக்காவிட்டால் எங்கே பார்த்தாலும் பழுப்பு. திசு ஃபார்மலினில் நாள்கணக்கில் கிடந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடமே மூடிக்கொள்ளும். சூடு காட்டி அதைத் திறக்கப் பார்ப்பார்கள். சில நேரம் திறக்கும், சில நேரம் பெப்பே.

அதனால் ஒவ்வொரு முறையும், வைரஸ் நிச்சயமாக இருக்கும் ஒரு குடல் துண்டையும், நிச்சயமாக இல்லாத ஒன்றையும் கூடவே சேர்த்து அதே மருந்தில் முக்குவார்கள். கன்ட்ரோல். இருக்கிற துண்டு பழுப்பாகவில்லை என்றால், அன்றைய ஸ்லைடு அத்தனையும் குப்பைக்கூடைக்கு. கிளாஸில் கன்ட்ரோல் என்றாலே வைவாவுக்கு மனப்பாடம் பண்ணும் நாலு வரி என்று நினைத்திருந்தேன். மருந்து வேலை செய்கிறதா, நம்ம கை வேலை செய்கிறதா என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

இப்போ ஏம்ஸுக்குத் திரும்பலாம். டி.ஜி.இ. சோதனை நெகட்டிவ். ரோட்டா ஏ, பி, சி மூணும் நெகட்டிவ். ஒரு பண்ணை என்றால், சாம்பிள் சரியில்லை என்று ஃபைலை மூடிவிடலாம். வந்ததோ நாலு பண்ணை. எல்லாவற்றிலும் டவல் மொட்டை. வைரஸ் வேலை என்று குடல் கத்துது, லிஸ்ட்டில் இருக்கிறவன் எவனும் வீட்டில் இல்லை. அப்படியென்றால் இது கழுவிவிட்ட நெகட்டிவ் இல்லை. லிஸ்ட்டில் இல்லாத ஆள் ஒருத்தன் வந்திருக்கான்.

ஆன்டிபாடி சாயத்தின் பலவீனம் இங்கேதான். நீங்க யாரைத் தேடச் சொன்னீங்களோ அவனை மட்டும்தான் தேடும். பக்கத்தில் வேறொருத்தன் அரிவாளோடு நின்றாலும் கண்டுக்காது. எனவே, ஆள் யாரென்று கேட்காமல் உருவத்தைக் காட்டுகிற முறைக்குப் போனார்கள். சாணத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள்.

அதற்கும் ஒரு சாயம் உண்டு, கொஞ்சம் தலைகீழாக. நெகட்டிவ் ஸ்டெயின் என்று பேர். வைரஸுக்குச் சாயம் ஏற்றாமல், அதைச் சுற்றி டங்ஸ்டன் மாதிரி கன உலோக உப்பை ஊற்றிக் காய வைப்பார்கள். சுற்றிலும் கறுப்பு, நடுவே வைரஸ் மட்டும் வெளுப்பாகத் துருத்தி நிற்கும். மாவை விரித்துக் கோலப்பொடித் தட்டைத் தூக்கின மாதிரி.

இந்த வித்தையில் கில்லாடி ஜூன் அல்மெய்டா. கிளாஸ்கோவில் ஒரு பஸ் டிரைவரின் மகள். காலேஜுக்குப் பணம் இல்லாமல் 16 வயசில் படிப்பை விட்டு, ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். திசுவைச் சீவிச் சாயம் ஏற்றுவதுதான் முதல் வேலை. விளிம்பில் கிரீடம் வைத்த மாதிரி ஒரு வைரஸை அவர் படம் பிடித்துக் கட்டுரை அனுப்பியபோது, 'இது இன்ஃப்ளூயன்ஸாவை மோசமாக எடுத்த படம்' என்று திருப்பி அனுப்பினார்களாம்! பிறகு மனிதச் சளியிலும் அதே கிரீடத்தை அவர் காட்டினார். 1968-ல் அந்தக் குடும்பத்துக்குக் கொரோனா என்று அவரும் சக விஞ்ஞானிகளும் பேர் வைத்தார்கள். 2020-ல் அந்தப் பேரை உலகமே உச்சரித்தபோது அவர் இல்லை. 2007-லேயே காலமாகிவிட்டார்.

ஏம்ஸில் தெரிந்ததும் அதே கிரீடம். கொரோனா குடும்பம். டி.ஜி.இ.யும் அதே குடும்பம்தான், ஆனால் அது இல்லை என்று ஏற்கெனவே தெரியும். பி.சி.ஆர். போட்டு, மரபணு வரிசையைப் படித்தார்கள். பி.இ.டி. அதுவரை அமெரிக்க மண்ணில் காணாத வைரஸ். அப்போது சீனாவில் பண்ணைகளைக் காலி செய்துகொண்டிருந்த ரகத்துக்கு நெருங்கிய சொந்தம்.

இதில் வேடிக்கை, இந்த வைரஸே முதன்முதலில் ஒரு 'நெகட்டிவ்' வழியாகத்தான் மாட்டியது. 1971-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் டி.ஜி.இ. மாதிரியே ஒரு வயிற்றுப்போக்கு. சோதித்தால் டி.ஜி.இ. இல்லை. ஏழு வருஷம் பேர் தெரியாமல் சுற்றியது. 1978-ல் பெல்ஜியத்தில், டி.ஜி.இ. ஆன்டிபாடிக்கு மசியாத இன்னொரு கொரோனா வைரஸ் என்று அறிவித்தவர் யார் தெரியுமா? நம்ம பென்சார்ட்! பச்சை எப்போது வரும், எப்போது போகும் என்று குட்டி குட்டியாகப் பார்த்த மனுஷனுக்கு, வர வேண்டிய நேரத்தில் வராத பச்சையை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருந்தது.

'பேர் தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம், மருந்துதான் இல்லையே' என்று நீங்க கேட்பது காதில் விழுது. மருந்து இல்லைதான். செய்யக்கூடியது ஒன்று உண்டு. சினைப் பன்றிகளுக்கு, நோய்ப்பட்ட குட்டிகளின் குடலை அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுப்பார்கள். ஆமாம், படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஆனால், தாய்க்கு எதிர்ப்பு சக்தி வந்து, அது சீம்பாலிலும் பாலிலும் இறங்கி, குட்டியின் குடலில் காவல் நிற்கும். அதற்கு மூணு நாலு வாரம் ஆகும். அதுவரை பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் கணக்கில் இல்லை. இப்போ யோசிச்சுப் பாருங்க. நோய் என்னவென்று தப்பாகச் சொல்லிவிட்டால், ஒரு பண்ணை முழுக்க வேண்டாத கிருமியை நாமே கரண்டியால் ஊட்டிவிட்டோம் என்று ஆகும். ரிப்போர்ட்டில் இருக்கும் ஒற்றை வரிக்கு அவ்வளவு கனம். 2013-ல் தொடங்கி ஒரு வருஷத்துக்குள் அமெரிக்காவில் செத்த குட்டிகளை 70 லட்சம் அளவில் மதிப்பிட்டார்கள். (மனுஷங்களுக்கு இது தொற்றாது. பயந்து ரயில்வே ஸ்டேஷன் ஓரத்துப் பன்றிகளைக் கல்லால் அடிக்காதீங்க.)

கதை அத்தோடு நிற்கவில்லை. 2014 பிப்ரவரியில் ஒஹையோவில் இன்னொரு ஆள் மாட்டினான். டெல்டாகொரோனா. ஹாங்காங் ஆய்வாளர்கள் 2012-ல்தான் அவனைப் பன்றிகளில் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். மறுபடி அதே மொட்டை டவல். புது வைரஸுக்குத் தரமான ஆன்டிபாடி கையில் கிடைக்க நாளாகும். ஆனால், மரபணு வரிசை தெரிந்துவிட்டால் அதற்குப் பொருந்துகிற புரோப் ஒன்றைச் சீக்கிரம் தயாரித்து, வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்கே நிறம் ஏற்றிவிடலாம். இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன். செமஸ்டரில் ஐந்து மார்க் கேள்வியாக வரும், சாய்ஸில் விட்டிருப்பீங்க. ஒரே குடலில் ரெண்டு வைரஸ் குடியிருந்தால் யார் எந்த நூலில் என்று இதில் தனித்தனியாகப் பார்க்க முடியும். இது அதிகச் செலவு பிடிக்கும் சமாச்சாரம். பி.சி.ஆர். மலிவு, வேகம், துளி வைரஸ் இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால், அது வைரஸ் இருக்கு என்று மட்டும் சொல்லும். அடிபட்ட இடத்திலேயே இருக்கா, சும்மா வழிப்போக்கனா என்று சொல்லாது. அதைக் காட்ட இன்னமும் ஸ்லைடுதான்.

கடிதம் எழுதின வாசகிக்கு: ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று பார்த்தால், முதலில் சாம்பிளோடு போன படிவத்தைத் திருப்பிப் பாருங்கள். குட்டியின் வயசு என்ன, வயிற்றுப்போக்கு எப்போது தொடங்கியது, உயிரோடு எடுத்ததா செத்தபின் எடுத்ததா, ஃபார்மலினில் எத்தனை நாள்? இந்த நாலு கட்டமும் காலியாக இருந்தால், கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள். நாலும் ஒழுங்காக இருந்து, கன்ட்ரோலும் சரியாக வந்து, அப்பவும் நெகட்டிவ் என்றால், உங்க லிஸ்ட்டைத் தூக்கி வைத்துவிட்டு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்காரருக்கு ஒரு போன் போடுங்க.

எனக்கு அந்த கிராம் ஸ்டெயினிங்கில் எத்தனை மார்க் வந்தது என்று மட்டும் யாரும் கேட்டு எழுத வேண்டாம். எழுதினாலும் கிடைக்கலைன்னு சொல்லிடுவேன்!